முதலில் கீல், பிறகு மரம்

பால் காய்ச்சுவதற்கு முந்தின ராத்திரி புதுவீட்டில் கதவு இழைக்கிற ஆசாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் சமையல்காரர் அடுப்பு மூட்டியிருப்பார். பெயிண்டர் ஒரு பக்கம் கடைசிக் கோட்டிங் அடித்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் நடுவில் குளியலறைக் கதவைப் படுக்கப்போட்டு ஒருவர் இழைத்துக்கொண்டிருப்பார். விடிவதற்குள் ஆறு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாக வேண்டும். கடையோ பூட்டியாகிவிட்டது. கையில் இருக்கும் தாழ்ப்பாள் நாலுதான்.

1980-ல் எங்கப்பாவோடு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தென்காசியைச் சுற்றி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், அந்தப்பக்கம் திருச்செந்தூர் வரைக்கும் கதவு மாட்டியிருக்கிறேன். பெரும்பாலும் வீட்டுக்காரர்களே முன்நின்று கட்டிய வீடுகள். காண்ட்ராக்டரிடம் மொத்தமாக விடாமல் செங்கல், சிமெண்ட், கம்பி, மரம் எல்லாம் தானே வாங்கிப்போட்டு, கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுகிறவர்கள். அஸ்திவாரத்திலும் கான்கிரீட்டிலும் அவர்கள் கஞ்சத்தனம் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் கதவுக்கான இரும்பு வாங்கும் நேரம் வரும்போது கைப்பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டில், தினமும் பத்துத் தடவை கைபடுகிற சாமானை ஒரு சாயங்காலத்தில், கிடைத்த கடையில், கிடைத்ததை வாங்கி முடித்துவிடுவார்கள்.

எங்கப்பா இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். கதவுக்கு எவ்வளவு மரம் ஆகும் என்று வீட்டுக்காரர் கேட்டு வந்தால், "முதல்ல கீலும் பூட்டும் வாங்கிட்டு வாங்கய்யா, பெறவு மர அளவு சொல்லுதேன்" என்பார். வந்தவர் முழிப்பார். நிலையே வைக்கவில்லை, இப்போது எதற்குப் பூட்டு என்று சிலர் கோபப்பட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கும் அந்த வயதில் அது வீம்பாகத்தான் பட்டது. அதன் அர்த்தம் பிடிபட எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது.

அந்தக் காலத்தில் வாங்குவதற்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. இரும்புக் கீல், கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள், திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, அவ்வளவுதான். கடையில் கீல் சாக்கில் கிடக்கும். அப்பா கீலை வாங்குகிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்து விரித்து, மூடி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார். சத்தம் கேட்டால் நடு ஆணி லூசாக இருக்கிறது என்று அர்த்தம்; அது திரும்பச் சாக்குக்குப் போய்விடும். சத்தம் இல்லாததை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இரண்டு இலைக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு முனையில் குறுகினால் அந்தக் கீல் கதவை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஸ்க்ரூ ஓட்டையில் சுண்டுவிரல் நகத்தை விட்டு, ஸ்க்ரூவின் தலை உட்காரும் குழிவு சரியாக வெட்டியிருக்கிறதா என்று தடவுவார். குழிவு போதாவிட்டால் ஸ்க்ரூ தலை வெளியே துருத்தும், கதவு முழுக்க மூடாது. எட்டுக் கீல் பொறுக்க ஒரு மணி நேரம் ஆகும். கடைக்காரர் ஒருநாளும் அவரை அவசரப்படுத்தியதில்லை. இன்றைக்கும் நான் கீலை அப்படித்தான் பார்க்கிறேன். கண்ணாடித்தாளில் ஒட்டி வரும் ஸ்டீல் கீலாக இருந்தாலும் பிரித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்குவேன்.

மரம் எங்களுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. செங்கோட்டையில் இறங்கினால் மரக்கடையும் அறுவை மில்லும்தான். மலைக்கு அந்தப்புறம் கேரளத்துக் காட்டு மரம், ஆரியங்காவுப் பக்கத்து டிப்போவில் ஏலம் எடுத்தது, கணவாய் வழியாக வரும். நிலைக்குக் கோங்கு அல்லது வேங்கை, கதவுக்குத் தேக்கு, வசதி குறைந்தவர்களுக்கு வேம்பும் பூவரசும் பலாவும். தடியை அளப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். சுற்று 60 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 15.6 கன அடி. உருண்டையாகக் கணக்குப் பார்த்தால் அந்தத் தடியில் ஏறக்குறைய 20 கன அடி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கை அறுவைக் கழிவுக்காக வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்கும் கணக்கு அது. இந்தக் கணக்குத் தெரியாமல் மரம் வாங்க வந்து ஏமாந்தவர்கள் உண்டு. தடியின் கணக்கு வேறு, அறுத்த சட்டத்தின் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பி விலை பேசினால் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான்.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவு ஒன்று எங்கள் தொழிலைத் தலைகீழாக்கியது. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கு அது. அதில் வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுக்கக் காட்டுமரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நல்லது. எங்கள் மலையில் இன்றைக்கும் மரம் நிற்கிறதென்றால் அதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஆனால் மரக்கடையில் நாங்கள் பார்த்த சரக்கு மாறிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்கத் தேக்கும் தென் அமெரிக்கத் தேக்கும் வர ஆரம்பித்தன. 2014-ல் மியான்மர் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபின் பர்மாத் தேக்கு என்பது பேச்சில்தான் மிச்சம். தோட்டத்தில் வேகமாக வளர்த்து வெட்டிய தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வெள்ளைப் பகுதியில் ஸ்க்ரூ இறங்கினால் நாலு வருடத்தில் பிடி விட்டுவிடும். பூச்சியும் முதலில் அங்கேதான் ஏறும். ஆகவே வீட்டுக்காரர்களிடம் நான் சொல்வது, தேக்கு எந்த நாட்டுத் தேக்கு என்று கேட்பதைவிடச் சட்டத்தின் எந்த ஓரத்தில் வெள்ளை இருக்கிறது என்று பாருங்கள். கீல் வருகிற ஓரத்தில் வெள்ளை இருக்கவே கூடாது.

நிலை வைக்கிற நாள் வீட்டுக்கு ஒரு பெரிய நாள். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, மாவிலை கட்டி, சுமங்கலிகள் பொட்டு வைத்து, கீழ்ப்படிக்கு அடியில் காசு போட்டு வைப்பார்கள். அந்த நல்ல நேரம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் நிலை நிமிர்ந்தாக வேண்டும். தூக்குக்குண்டு பிடித்து இரண்டு காலையும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு விடாமல் நாலு மூலைக்கும் குறுக்கே இரண்டு நூல் கட்டிப் பார்ப்பது என் வழக்கம். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றால் நிலை முறுக்கில்லாமல் நிற்கிறது. இடைவெளி விழுந்தால் ஒரு கால் முன்னே வந்திருக்கிறது. அதில் மாட்டுகிற கதவு மேலே மூடி கீழே முட்டும்.

பிறகுதான் ஆபத்து இருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்புகையில் செங்கலை நிலையோடு நெருக்கித் தட்டுவார். இரண்டு காலும் நடுவில் உள்ளே வளையும். கீழ்ப்படி இல்லாத நிலைகளில் கால்கள் அடியில் கூடும். குறுக்கே இரண்டு இடத்தில் ரீப்பர் கட்டை அடித்து, சுவர் ஏறிக் காயும்வரை கழற்றாமல் விட்டால் போதும். இதைச் சொன்னால், சிமெண்ட் மூட்டை உள்ளே கொண்டுபோக வழியில்லை என்று இரண்டாம் நாளே யாராவது கட்டையைத் தட்டிவிடுவார்கள். கடையநல்லூரில் ஒரு வீட்டில் மேலே 3 அடி இருந்த நிலை நடுவில் 2 அடி 11½ அங்குலம். நாலு நூல் வித்தியாசம். எங்கள் அளவில் அங்குலத்துக்கு 8 நூல். நாலு நூல் கூடிய நிலைக்குக் கதவை நாலு நூல் இழைத்துத்தான் நுழைக்க வேண்டும். அப்படி இழைத்த கதவு மேலே பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் படும்.

இன்னொன்று தரை மட்டம். நிலை வைக்கும்போது தரை போட்டிருக்காது. டைல்ஸா கிரானைட்டா என்று வீட்டுக்காரர் முடிவு செய்திருக்க மாட்டார். கிரானைட் கனமும் அடியில் சாந்தும் சேர்ந்தால் இரண்டரை அங்குலம் ஏறிவிடும். அதற்கு விடாமல் நிலை வைத்துவிட்டால் கடைசியில் கதவின் காலை அறுக்க வேண்டியதுதான். பேனல் கதவில் அடிச்சட்டம்தான் அகலமான சட்டம். அதை அறுத்தால் கதவின் முகமே மாறிப்போகும்.

தென்காசிக்காரர்களுக்குச் சாரல் என்றால் குற்றாலம். எங்களுக்குச் சாரல் என்றால் கதவு. ஆனி பிறந்து காற்று ஈரமாகத் திரும்பியதும் ஆள் தேடி வருவார்கள். "அண்ணே, பீரோ ரூம் கதவு மூட மாட்டேங்குது." மரம் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில்தான் ஊதும். பங்குனி வெயிலில் நூல் இடைவெளிகூட விடாமல் நெருக்கமாக மாட்டிய கதவு ஆடியில் இறுகும். ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை என்கிற ஊர்களில் இதே வேலை அப்போது வரும். சாரலில் ஆள் கூப்பிட்டு இழைத்துவிட்டால் மாசியில் கதவு ஆடிக்கொண்டு நிற்கும். அதனால் ஆடியில் கூப்பிட்டால், முட்டுகிற இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, முடிந்தால் புரட்டாசியில் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். பணத்துக்கு வந்த வேலையைத் தள்ளிப்போடுகிறானே என்று பார்ப்பார்கள். பிறகு புரிந்துகொள்வார்கள்.

இடைவெளிக்கு அப்பா காசு வைத்துப் பார்ப்பார். இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கினால் ஏறக்குறைய ஒரு நூல். பூட்டுப் பக்கம் அது தாராளமாக நுழைய வேண்டும், கீல் பக்கம் ஒரு காசு போதும். பூட்டுப் பக்கத்து ஓரத்தை நேராக விடாமல், கதவு மூடும் திசையில் கொஞ்சம் சரித்து இழைப்பார். அந்தச் சரிவு இல்லாவிட்டால் உள் ஓரம் நிலையில் இடித்துக்கொண்டே இருக்கும். பேனல் பலகையைச் சட்டத்தின் காடியில் பசை போடாமல் விட வேண்டும். பலகைக்கு ஊதவும் சுருங்கவும் இடம் வேண்டும். வஜ்ரம் காய்ச்சி ஒட்டிய காலத்தில் பசை தீர்ந்துவிடுமே என்று யாரும் காடிக்குள் ஊற்ற மாட்டார்கள். டப்பாவில் வெள்ளைப் பசை வந்தபின் பையன்கள் தாராளமாக ஊற்றினார்கள். அடுத்த கோடையில் பலகை நடுவில் பிளந்தது. அதோடு, பெயிண்டரிடம் சொல்லிக் கதவின் தலையிலும் காலிலும் கட்டாயம் அடிக்கச் செய்யுங்கள். நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசியில் அந்த இரண்டு ஓரமும் பச்சை மரமாகத்தான் இருக்கிறது. ஈரம் அங்கேதான் ஏறுகிறது.

அப்பாவின் விதிக்கு வருகிறேன். ஏன் முதலில் பூட்டு?

பேனல் கதவில் நடுச்சட்டம் ஒன்று குறுக்கே போகும். அதன் கழுந்து பக்கச்சட்டத்தின் பொளிக்குள் இறங்கித்தான் கதவு ஒரே உடம்பாக நிற்கிறது. உள்ளே புதைகிற பூட்டு, மார்டைஸ் பூட்டு என்று சொல்கிறோமே அது, ஏறக்குறைய மூன்றரை அங்குல ஆழத்துக்குப் பக்கச்சட்டத்தைத் தோண்டச் சொல்லும். கதவு செய்து முடித்தபின் வீட்டுக்காரர் பூட்டு வாங்கி வருவார். கைப்பிடி வர வேண்டிய உயரமும் நடுச்சட்டத்தின் உயரமும் பெரும்பாலும் ஒன்றுதான். தோண்டினால் கழுந்தையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வெளியே பளபளவென்று பித்தளைக் கைப்பிடி தெரியும், உள்ளே கதவின் எலும்பு போயிருக்கும். நாலு இழுப்பில் சட்டம் தொங்கும். பூட்டு முன்னாலேயே கையில் இருந்தால் நடுச்சட்டத்தை ஆறு அங்குலம் கீழே இறக்கிவிடலாம், அல்லது பக்கச்சட்டத்தை அரை அங்குலம் அகலமாக எடுத்துக்கொள்ளலாம். மரம் அறுக்குமுன் என்றால் இதற்குச் செலவே கிடையாது.

கதவின் கனமும் அப்படித்தான். 2004 வாக்கில் பாவூர்சத்திரத்தில் ஒரு வீடு. மகன் துபாயிலிருந்து தலைவாசலுக்குப் பூட்டு கொண்டுவந்திருந்தார். நல்ல கனமான, அருமையான பூட்டு. ஆனால் அது 44 மில்லிமீட்டர் கதவுக்கான பூட்டு. நான் செய்திருந்த கதவு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32. சாவி போடுகிற சிலிண்டர் வெளிப்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்க அசிங்கம் என்பது ஒரு பக்கம். வெளியே நீட்டிய சிலிண்டரைக் குறட்டால் பிடித்து முறித்துவிட முடியும். திருடனுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி. அந்தப் பூட்டுக்கு 60 மில்லிமீட்டர் சிலிண்டர் வேண்டும். தென்காசியில் இல்லை. திருநெல்வேலியில் ஏழு கடை ஏறினேன். மதுரையில் ஒரு கடைக்காரர் 60 என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால் திருகு வருகிற இடம் ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் 25, மறுபக்கம் 35. நடுத்திருகிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது, பழைய சிலிண்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பாரிமுனையில் இறங்கினேன். செம்புதாஸ் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் காலையிலிருந்து நடந்தேன். மத்தியானம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் ஒரு பெரியவர், நான் கொடுத்ததை ஸ்கேலில்கூட வைக்காமல் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் 30-க்கு 30 எடுத்துவந்தார். அந்தத் தெருவில் அப்படி மனிதர்கள் உண்டு. சாமான் தேடிப் போகிறவர்களுக்கு அன்றிலிருந்து நான் சொல்வது, அளவு எழுதிய சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பழைய சாமானையே கையோடு கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தை வைத்து ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்க்ரூவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளியால் முறுக்குகிற பழக்கம் எங்கள் தொழிலில் பரவியிருக்கிறது. அப்படி அடித்த ஸ்க்ரூ மரநாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அது ஆணிதான். ஒரு கன அடி தேக்கு ஏறத்தாழ 18 கிலோ. 7 அடி தலைவாசல் கதவு 45 கிலோ வரும். அந்தக் கனம் முழுக்க மேல் கீலை நிலையிலிருந்து பிய்த்து இழுக்கிறது. கீழ்க் கீலை நிலைக்குள் தள்ளுகிறது. ஆகவே முதலில் ஆடுவது எப்போதும் மேல் கீலின் ஸ்க்ரூதான். தலைவாசலுக்கு 5 அங்குலக் கீல் நாலு வேண்டும். மூன்று போதுமே என்கிறவர்களிடம், மூன்றாவதை நடுவில் போடாமல் மேல் கீலுக்குப் பக்கத்தில் போட அனுமதி கேட்பேன். ஸ்க்ரூவுக்கு முதலில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவின் மரையைச் சோப்புக்கட்டியில் ஒரு இழுப்பு இழுத்து முறுக்கினால் கைக்கும் சுகம், மரத்துக்கும் சுகம். பித்தளை ஸ்க்ரூ என்றால் இன்னும் ஒரு படி உண்டு. பித்தளை மென்மையானது, தேக்கின் வைரத்தில் பாதியில் தலை முறிந்து நின்றுவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி, மரை பதிந்ததும் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை ஏற்ற வேண்டும். ஒரு கதவுக்கு முப்பது ஸ்க்ரூ என்றால் அறுபது தடவை முறுக்கு. அப்பா அறுபதும் முறுக்குவார்.

திருச்செந்தூர்ப் பக்கம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் போட்டேன். கடையில் துருவே பிடிக்காது என்றார்கள். காந்தமும் ஒட்டவில்லை. இரண்டாவது வருடம் கீலைச் சுற்றிப் பெயிண்டில் காப்பிக் கறை வழிந்திருந்தது. அது 202 ரகம். நிக்கல் குறைவு. உப்புக்காற்றுக்கு 316 வேண்டும். இரண்டிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, ஆகவே காந்தத்தை வைத்து எந்த ரகம் என்று முடிவு செய்ய முடியாது. பெட்டியில் 316 என்று அச்சடித்ததை வாங்கி, பில்லிலும் எழுதச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எல்லாக் கீலையும் என் கூலியில்தான் மாற்றிக்கொடுத்தேன். வாங்கச் சொன்னது நான்.

புதுசாக வந்தவற்றை நான் வெறுப்பதில்லை. குளியலறைக்கு பி.வி.சி., டபிள்யூ.பி.சி. கதவு வந்தது பெரிய நன்மை. என் கையால் செய்த எந்தக் குளியலறைக் கதவும் அத்தனை தண்ணீரைத் தாங்கியதில்லை. படுக்கையறைக்கு நல்ல ஃப்ளஷ் டோர் போதும். 2202 என்ற ஐ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே காகிதக் கூடு வைத்த மெல்லிய ஸ்கின் டோர்களில் மட்டும் கவனம் வேண்டும். அதில் பூட்டுக் கட்டை ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று விளிம்பில் குறித்திருப்பார்கள். அந்தக் குறியைப் பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டுப் பூட்டைக் காகிதத்தில் முறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை கதவில் எனக்கு நிறைவு தந்தது ஒரு பழைய கதவு. 2011-ல் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தென்காசியில் சின்ன வீடு கட்டினார். சொந்த ஊரில் அவர் ஆச்சி வீட்டை இடித்தபோது கதவை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். இரட்டைக் கதவு, ஐந்தரை அடி உயரம், கீலே கிடையாது. மேலும் கீழும் கதவுக் கட்டையிலேயே செதுக்கிய குடுமி. உத்தரத்திலும் படியிலும் உள்ள குழியில் குடுமி சுற்றும். நிலையைக் கரையான் தின்றிருந்ததால் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"ஆசாரியாரே, இந்தக் கதவைத் திறந்தா ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் ஆச்சி எந்திரிச்சு வருவா. அந்தச் சத்தம் போயிரக் கூடாது" என்றார்.

கீழ்க் குடுமிகள் தேய்ந்து சாய்ந்திருந்தன. லேத் பட்டறையில் இரும்புப் பூண் கடைந்து குடுமிகளுக்குப் போட்டு, படியில் பித்தளைக் கிண்ணம் இறக்கினேன். பித்தளையில் சுற்றினால் சத்தம் வராது. அதனால் மேல் குடுமிகளுக்கு எதுவும் போடாமல் மரத்திலேயே மரம் சுற்றும்படி விட்டேன். குடுமிக் கதவைப் பிறகு மாட்ட முடியாது. நிலையைப் பூட்டும்போதே கதவையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். கீலைக் கழற்றிக் கதவைத் திறக்கவும் யாராலும் முடியாது. அந்தக் காலத்துக் காவல் அது.

எல்லாம் ஆனபின் நாதாங்கி இல்லை. கதவில் சங்கிலி இருந்தது, அது மாட்டுகிற நாதாங்கி உத்தரத்தில் இருந்திருக்கிறது. நிலையோடு அதுவும் போய்விட்டது. சங்கிலியின் கடைசி வளையத்தைக் காகிதத்துக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டேன். செங்கோட்டையில் பழைய இரும்புக் கடை, திருநெல்வேலி, பிறகு மதுரை போய்க் காரைக்குடி பஸ் ஏறினேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்களும் கதவுகளும் சாய்த்து வைத்திருப்பார்கள். மூன்றாவது கடையில் ஒரு வாளி நிறையத் துருப்பிடித்த கொண்டிகளும் நாதாங்கிகளும். திண்ணையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொல்லுப்பட்டறையில் அடித்த நாதாங்கிக்கு வால் உண்டு. மரத்தில் ஊடுருவி மறுபுறம் வந்து மடங்கும். வால் உடையாமல் இருந்தவை நாலு. அதில் ஒன்றில் என் காகித வளையம் சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் விலையாக 80 ரூபாய் வாங்கினார். பஸ்ஸுக்கு அதைவிட அதிகம் ஆகியிருந்தது.

டீச்சரம்மா இப்போது இல்லை. வீட்டில் அவர் மகள் இருக்கிறார். கதவு திறக்கும்போது அந்தச் சத்தம் வருகிறது.

பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதவை யாருக்காவது கொடுக்குமுன் கீல், கொண்டி, சங்கிலி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி, தேங்காய் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கதவுடையது என்று எழுதிக் கதவோடு கட்டிக் கொடுங்கள். நாதாங்கியை மறந்துவிடாதீர்கள். அது நிலையில் இருக்கும்.